சிவப்பு நூல் கட்டிய போத்தல்

மகன்,

ஸலாத்தை இரண்டாவதாகச் சொல்கிறேன், கோபிக்காதே. செய்தி முந்திக்கொண்டு நிற்கிறது. நேற்று ஜும்ஆ முடிந்த கையோடு நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், மீராலெவ்வைக் காக்காவின் இஞ்சிச் சோடாவில் ஒரு குற்றமும் இருக்கவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லப்பட்டது. சொன்னவன் உன் வாப்பா. நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்ததை வெளியே எடுத்துவிட்டேன். இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில் மீன்காரர் சைக்கிளை நிறுத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வயதில் பாதி கழன்று விழுந்தது போல இருக்கிறது. முழங்கால்கள் மட்டும் அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும். புதன்கிழமை நீ கத்தாரிலிருந்து வந்து இறங்கும்போது இந்தக் கடிதம் உன் மேசையில் இருக்கும். இன்னொரு பிரதியை வாசிகசாலைப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மகனுக்கு எழுதியதை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்று உன் உம்மா கேட்டாள். நான் செய்த பிழை ஒலிபெருக்கியில் போனது. திருத்தத்தை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டுவது நியாயம் இல்லை என்று சொன்னேன். அவள் மறுத்துக் கதைக்கவில்லை. அது நம் வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளி நீ மாப்பிள்ளையாகி நுஸ்ரத்தின் வீட்டுக்குப் போகிறாய். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வது நம் கரையின் வழக்கம். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் விரும்பியதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளை படித்தவள், பல்கலைக்கழகத்தில் உன்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள், அவளுடைய தாய் ஹாஜரா புடவைக்கடை நடத்துகிறவர் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்; ஹாஜரா யாருடைய மகள் என்று நான் விசாரிக்கவில்லை. கடைக்காரர்கள் பேசி முடிக்கிற வேகத்தில் உன் உம்மாவும் ஹாஜராவும் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். பழைய வீட்டின் பின்வளவிலேயே நுஸ்ரத்துக்குப் புதுவீடு என்று தீர்மானமாகி, போன வருஷம் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டின முதல் நாளே மண்வெட்டி கண்ணாடியில் பட்டது.

அன்று பின்னேரம் உன் உம்மா கையில் ஒரு போத்தலோடு வீட்டுக்கு வந்தாள். தடித்த பச்சைக் கண்ணாடி, கழுத்து நீளம், உள்ளே மண். "பாருங்களன், ஒரு இடத்துல வெட்டினா நூறு வருகுது. ஒண்டும் உடையல்ல. பொம்புளைட மூத்தாப்பா சோடாக் கம்பனி வெச்சிருந்தவராம். மீராலெவ்வையாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நுஸ்ரத்தின் தாய்வழிப் பாட்டன் அவர்தான் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. நான் தெரியாது என்று சொன்னேன். உன் உம்மாவிடம் நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. போத்தலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லை என்று ஒரு சாட்டுச் சொல்லி வெளியே போனேன். நான் வெற்றிலை போடுகிறவன் அல்ல என்பதைக்கூட அவள் அப்போது கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. புது நியமனம், விஞ்ஞான ஆசிரியர், ஆய்வுகூடத்துத் திறப்புக் கொத்து என் இடுப்பில். ஊருக்கே அண்ணன் முறையில் காக்காவான மீராலெவ்வை தன் வளவில் இஞ்சிச் சோடா போட்டு விற்றவர். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் சோடாக் கம்பனிகள் பல இருந்தன. மற்றவர்கள் யந்திரத்தால் காற்றடித்து விற்றார்கள். இவருடையது அப்படியில்லை. தயிருக்கு உறை ஊற்றுவதைப் போல இஞ்சியும் சீனியும் சேர்த்து ஓர் உறை வைத்திருப்பார். அந்த உறையைப் பெரிய பானையில் கலந்து, போத்தலில் ஊற்றி, தக்கை இறுக்கி, தக்கை தெறிக்காமல் நூலால் கட்டிவிடுவார். இரண்டாம் நாள் திறந்தால் நுரை பொங்கும். அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்களும் மருதமுனைத் தறிக்காரர்களும் பகல் வேலை விட்டதும் அதைத்தான் கேட்டுக் குடிப்பார்கள். ஒரு நோன்பு வருவதற்குச் சில நாள் முன்னால், பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு போத்தல் வெடித்து, அதன் வாடை தொழ வந்தவர்கள் மூக்கில் ஏறிவிட்டது. சாராய வாடை என்றார்கள். பள்ளிவாசல் நிர்வாக சபை கூடியது. தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் ஒருவராக இருக்கும் மரைக்காயர்மார் எல்லோரும் வந்தார்கள். சோதித்துப் பார்க்கட்டும் என்று புதுப் போத்தல் ஒன்றை மீராலெவ்வைக் காக்காவிடமே வாங்கி, என் கையில் கொண்டுவந்து தந்தார்கள். தக்கையைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

அன்று பாடசாலைத் தவணையின் கடைசி நாள். மறுநாளிலிருந்து நோன்பு விடுமுறை. நோன்பு காலத்தில் இப்படியான சாமானைத் திறந்து காய்ச்சி முகர்ந்துகொண்டிருப்பது சரியா என்று எனக்கு ஒரு பயம். பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்று ஆய்வுகூட அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். பக்தி என்று நினைத்துச் செய்தேன். தகரக் கூரை, பூட்டிய கட்டடம், வெயில் கொளுத்துகிற மாதம். விடுமுறை முடிந்து வந்து அதைக் காய்ச்சி வடித்து, வடித்த நீரை அமிலம் சேர்த்த பொட்டாசியம் இருகுரோமேற்றில் விட்டுச் சூடாக்கினேன். செம்மஞ்சள் பச்சையாக மாறியது. மதுசாரம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் எழுதிக் கொடுத்தேன். அந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சோதித்து உறுதிப்படுத்தினார், மீராலெவ்வையின் சோடாவை யாரும் வாங்கவும் வேண்டாம் விற்கவும் வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் எனக்குக் கதிரை தந்து உட்கார வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மகன். அதை மறைத்து என்ன பயன்.

இரண்டு மாதம் கூடப் போகவில்லை. பத்தாம் வகுப்பில் நொதித்தல் பாடம். சீனி எப்படி மதுசாரமாக மாறுகிறது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கடைசி வரிசை வாங்கில் இருந்து ஒரு மாணவி எழும்புகிற சத்தம் கேட்டது. "சேர், ரெண்டு நாள்ல குடிக்கிற சாமான ஒரு மாதம் சூட்டுல பூட்டி வெச்சிட்டுச் சோதிச்சா, அது எந்த நாள் சாமான் சேர்?" என்று கேட்டாள். சோக்கட்டி என் கையில் அப்படியே நின்றது. நான் சோதித்தது மீராலெவ்வைக் காக்கா விற்ற சோடாவை அல்ல. என் அலுமாரி ஒரு மாதமாகச் செய்த சோடாவை. அந்த நிமிஷத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாடத்துக்கு வெளியே கதைக்க வேண்டாம், இரி என்று அதட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். கேட்டது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவுமில்லை.

அன்றைக்கே பள்ளிவாசலுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று இழுத்து, பிறகு இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். மீராலெவ்வைக் காக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வேலையை நிறுத்திவிட்டு ஒரு நெல் ஆலையில் சேர்ந்துவிட்டார். தெருவில் கண்டால் நான் மறுபக்கம் மாறிவிடுவேன். பெருநாள் தொழுகையில் மட்டும் தப்ப முடியாது. ஒவ்வொரு பெருநாளும் அவர் வரிசை கடந்து வந்து என்னைக் கட்டித் தழுவி, "சேர், சொகமா?" என்று கேட்பார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்பேன். அவர் மௌத்தான அன்று மையவாடிவரை போனேன். மூன்று பிடி மண் போட்டேன். வாய் திறக்கவில்லை.

அதனால்தான் அந்தப் போத்தல் என் மேசைக்கு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்முனைக் கரையின் சோடாக் கம்பனிகளைப் பற்றி ஒரு வரலாறு எழுதப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கொப்பியும் பேனையுமாய்ப் புறப்பட்டேன். நீகூடத் தொலைபேசியில், "வாப்பாவுக்கு ஓய்வூதியம் போதாமல் ஆராய்ச்சியும் வந்துட்டுதா?" என்று சிரித்தாய். உண்மையைச் சொல்கிறேன். என்னை விடுதலை செய்கிற ஒரு சாட்சியைத் தேடித்தான் போனேன். மீராலெவ்வை கவனம் இல்லாதவர், பழசையும் புதுசு என்று விற்றவர், எப்படியோ ஒருநாள் பிடிபட்டுத்தான் இருப்பார் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகக் கலியாணம் செய்து வைக்கலாம் என்பது என் நினைப்பு.

ஆனால் தேடப்போன இடத்தில் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. கல்முனை பசாரில் முதன்முதலில் சோடா யந்திரம் இறக்கியவரின் வீட்டில், அந்த யந்திரத்தின் இரும்புச் சக்கரம் இப்போது கிணற்றுக் கப்பியாக இருக்கிறது. நான் தண்ணீர் அள்ளிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. சாய்ந்தமருதுவில் ஒருவர் கழுத்தில் கோலிக்குண்டு போலக் கண்ணாடிப் போளை உருளும் போத்தல்களைக் கடலில் இறக்கிக் குளிரவைத்து விற்றிருக்கிறார். ஒருநாள் கடல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். இன்னொருவர் சிவப்புச் சோடாவுக்குச் சாயம் எங்கே வாங்கினார் என்று அவருடைய பேரனிடம் கேட்டேன். மருதமுனைச் சாயத்தொட்டியில் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பகிடி என்று சிரித்தான். நானும் எழுதிவிட்டு வெட்டினேன். ஆலைகளும் தறிகளும் ஓடிய ஊரில் தாகத்துக்கு என்று ஒரு தொழிலே ஓடியிருக்கிறது, அதை ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. போன இடமெல்லாம் கடைசியில் மீராலெவ்வைக் காக்காவைப் பற்றிக் கேட்பேன். குறை சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. காற்றடித்து விற்றவர்களின் பிள்ளைகளே அவருடையதுதான் ருசி என்றார்கள். போட்டிக்காரன் வீட்டில் கேட்ட சாட்சியை நான் எப்படித் தட்டுவது?

காரைதீவில் தங்கராசா என்று ஒருவர், தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் மீராலெவ்வைக் காக்காவும் கூட்டாளிகள். உறை போடும் முறையை மீராலெவ்வைக் காக்கா அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தங்கராசா இன்றும் வீட்டுத் தேவைக்குப் போடுகிறார். கொடியில் உடுப்புக் காயப்போட்ட மாதிரி அவருடைய சமையல் குசினிச் சுவரில் மூன்று நூற்கட்டுகள் தொங்கின. வெள்ளை, பச்சை, சிவப்பு. இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

"தக்கை கட்டுற நூல் சேர். மீராலெவ்வை அண்ணர் மருதமுனையில கழிவு நூல் வாங்குவார். அண்டண்டைக்கு ஒரு நிறம். இண்டைக்கு வெள்ளை எண்டா நாளைக்குப் பச்சை, மற்ற நாள் சிவப்பு. மூண்டாம் நாள் அசருக்குத் தொழுதிட்டு ஒவ்வொரு கடையா ஏறி இறங்குவார். அந்த நிறத்தில விக்காமக் கிடக்கிறதை எடுத்து மண்ணுல ஊத்திப்போடுவார். எங்கட அப்பா, ஏன் அண்ணே நல்ல சாமான ஊத்துறியள் எண்டு கேப்பாராம். எங்கட மார்க்கத்தில மூண்டு நாள்தான் கணக்கு, அதுக்குப் பிறகு அது வேற சாமான் எண்டு சொல்லுவாராம்."

"அப்ப அந்தத் தேத்தண்ணிக் கடையில வெடிச்சது?" என்று கேட்டேன்.

"அந்தக் கடைக்காரர் ரெண்டு போத்தலை வாங்குக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருந்தவராம். அண்ணர் வந்து ஊத்திப்போடுவார் எண்டு. அப்பா சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லி அந்தாளைத் திட்டினவர்."

சிவப்பு நூல் நோன்பு விடுமுறைக்கு முதல் நாளின் நிறம். அந்தப் போத்தலுக்கு மூன்று நாள்தான் ஆயுள் என்று மீராலெவ்வைக் காக்கா அதன் கழுத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். நான் அந்த நூலைப் பிளேடால் அறுத்துக் குப்பையில் போட்டவன். இது என்ன நூல் என்று ஒரு கேள்வி, அவருடைய வளவுவரை நடந்து போய்க் கேட்டிருந்தால் போதும். படித்தவன் போய்ச் சோடாக்காரரிடம் கேட்பதா என்ற எண்ணம்தான் என்னை விடவில்லை. தங்கராசா வீட்டுக் குசினியில் நின்று அழுதேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

அழுது முடிந்ததும் எனக்கு ஒரு வீறாப்பு வந்தது. பிழை செய்த அதே வழியால் போய் அதைத் திருத்துவது என்று தீர்மானித்தேன். தங்கராசா கைப்பக்குவத்தில் போட்ட சோடாவில் இரண்டு போத்தலை வாங்கி, சிவப்பு நூல் கட்டி, என் பழைய மாணவர் ஒருவர் அதிபராக இருக்கும் பாடசாலைக்கு இந்த நோன்பு விடுமுறைக்கு முதல் நாள் கொண்டு போனேன். ஒன்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். மற்றதை மூன்றாம் நாள் முடிவதற்குள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். நோன்போடு கொண்டு போனேன், பயப்படவில்லை. பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற அளவுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். பெருநாள் கழித்து அலுமாரியைத் திறந்தோம். அந்தப் போத்தலைக் காய்ச்சி வடித்து அதே இருகுரோமேற்றில் விட்டேன். செம்மஞ்சள் பச்சையானது. என் வாழ்க்கையில் ஒரு நிறம் மாறியதற்காக நான் கைதட்டியது அன்றுதான். அதிபர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

உன் உம்மாவிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்புச் சாட்டையும் சேர்த்து. அவள் நெடுநேரம் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். "கலியாணத்துக்கு ஒரு மாதம் இரிக்கக்குள்ளயா இதச் சொல்றீங்க? அந்த மனிசி புள்ளையத் தரமாட்டன் எண்டா எங்கட மகன் என்ன செய்வான்?" என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். உன் சந்தோஷத்தைக் கொண்டுபோய் என் பழைய பிழைக்குப் பிணை வைக்கிறேனே என்று இரண்டு நாள் முற்றத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவளே சுளகைச் சுவரில் மாட்டிவிட்டு வந்து சொன்னாள். "போய்ச் சொல்லுங்க. நம்மட புள்ள நாளைக்கு அந்த வீட்டுச் சோத்தத் திங்கப் போறவன். நாம ஒண்ட ஒளிச்சிக்கிட்டு அவன அங்க அனுப்பினா, அந்தச் சோறு நமக்குத்தான் விக்கும்." தலைப் போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளும் என்னோடு வந்தாள்.

ஹாஜரா முன்னறையில் உட்கார வைத்தார். பின்வளவில் உன் புதுவீடு சுண்ணாம்படித்து வெள்ளையாக நின்றது. நான் வளைத்துப் பேசவில்லை. உங்கள் வாப்பாவின் சோடாவைச் சோதித்து எழுதிக் கொடுத்தவன் நான், அது பிழை, பிழை என்று எனக்கு அந்தத் தவணையிலேயே தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்று மூன்று வசனத்தில் முடித்தேன். முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சேர்," என்றார் ஹாஜரா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வகுப்புல எழும்பிக் கேட்டது நான்தானே. நோன்பு லீவுக்கு முதல் நாள் வாப்பாட போத்தல அலுமாரிக் கண்ணாடியால கண்ட நான். பெருநாள் கழிச்சி வந்து பாத்தாலும் அதே இடத்துல இருந்திச்சி. ஊட்டுக்குப் போய் வாப்பாக்கிட்ட சொன்னன். பள்ளிக்குப் போய்ச் சொல்லுங்க வாப்பா எண்டு அழுதன். வாப்பா போகல்ல."

"ஏன் போகல்ல?" என்று கேட்டது உன் உம்மா.

"புதுச் சேர், சின்ன வயசு, பேரு கெட்டுப் போயிரும், அவரே கண்டுபுடிச்சி வந்து சொல்லுவாரு எண்டாரு. போத்தல எல்லாம் உடைங்க எண்டு உம்மா சொன்னாவு. வாப்பா விடல்ல. சேர் கண்டுபுடிச்ச மறுகா தேவப்படும் எண்டு சொல்லி, கழுவித் துடைச்சி, வைக்கோல் சுத்தி, வளவுல தாட்டு வெச்சாரு. பெருநாளைக்குப் பெருநாள் உங்களக் கட்டிப் புடிச்சிட்டு வந்து, இந்த வருசமும் சேர் ஒண்டும் சொல்லல்ல எண்டு சொல்லுவாரு."

மகன், அந்த அறையில் எனக்கு எழுபதுக்குக் கிட்டிய வயது என்பது மறந்துபோயிற்று. குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவர் என்னைத் தழுவியது மன்னிப்பதற்காக என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து காத்திருந்திருக்கிறார். இதெல்லாம் தெரிந்தும் ஏன் எங்கள் மகனுக்குச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். "புள்ளைகள் விரும்பிச்சி. அதுகள் என்ன செஞ்ச? அதோட, நீங்க இந்தப் படியேறி வாறீங்களா எண்டு பாக்கணும் எண்டும் ஒரு ஆச இருந்திச்சி" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "என்ட கேள்விக்கு நீங்க இன்னும் மறுமொழி சொல்லல்ல சேர். சொல்லுற இடத்துல சொல்லுங்க."

சொல்கிற இடம் எது என்று இருவருக்கும் தெரியும். நிர்வாக சபைத் தலைவரிடம் இரண்டு முடிவுகளையும் கொண்டு போனேன். பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள், உங்கள் மரியாதை என்னாகும் சேர் என்று தயங்கினார். அந்தக் கதிரையில் உட்கார்ந்தது போதும் என்றேன். மௌலவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நபியவர்கள் காலத்திலும் பேரீச்சம்பழம் ஊறவைத்த நீரை மூன்று நாளைக்குள் குடித்துமுடிப்பார்கள், மிஞ்சினால் ஊற்றிவிடுவார்கள் என்று விளக்கி, "அந்தச் சோடாக்காரர் நம்மள விட நல்லா ஓதியிருக்காரு" என்றார். அதற்குப் பிறகு தலைவரும் மறுக்கவில்லை.

நேற்று தொழுகை முடிந்து யாரும் எழும்ப வேண்டாம் என்று சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். என் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு மாணவி ஒரு கேள்வி கேட்டாள், நான் அவளை அதட்டி உட்கார வைத்தேன், அதற்கு இன்று மறுமொழி சொல்கிறேன் என்றேன். அது மீராலெவ்வைக் காக்கா விற்ற சோடா அல்ல, என் அலுமாரி கெடுத்த சோடா. அவர் மூன்றாம் நாள் தன் கையாலேயே மண்ணில் ஊற்றிய மனிதர். ஹராமான ஒரு துளியை அவர் இந்த ஊருக்குத் தரவில்லை. பிழை என்னுடையது, அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவருடைய பிள்ளைகளிடம் கேட்கிறேன். இவ்வளவுதான் சொன்னேன். பிறகு பின் வரிசையில் இருந்து வயது போன ஒரு மூட்டைத் தொழிலாளி, "அல்ஹம்துலில்லாஹ், நான் அப்பவே சொன்னன்" என்றார். உடனே பத்துப் பேர் நாங்களும் அப்பவே சொன்னோம் என்றார்கள். இத்தனை பேர் அப்பவே சொல்லியிருந்தால் என் வேலை எவ்வளவு இலேசாகியிருக்கும். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, பழைய அறிவித்தலை நிர்வாக சபை இன்றோடு வாபஸ் வாங்குகிறது என்று அறிவித்தார். பள்ளியின் ஒலிபெருக்கி ஹாஜராவின் வளவுவரை தெளிவாகக் கேட்கும். முதல் அறிவித்தலையும் அவர் அந்த முற்றத்தில் நின்றுதான் கேட்டவர்.

நான் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே நடந்தேன். பின்னால் பாதிப் பள்ளியும் வந்தது. ஹாஜரா கேற்றடியில் நின்றார். பக்கத்தில் நுஸ்ரத், கையில் தட்டு, தட்டில் ஒரு பச்சைப் போத்தல். தாட்டு வைத்ததில் கீறல் விழாதவற்றைத் தெரிந்தெடுத்து, அவித்துக் கழுவி, உன் கலியாணத்துக்கு வருகிற எல்லோருக்கும் அதில்தான் ஊற்றிக் கொடுக்கப் போகிறார்கள். தக்கையில் சிவப்பு நூல். "மறுமொழி சரி சேர். கொஞ்சம் பிந்திப் போச்சி" என்றார் ஹாஜரா. நூலை அவரே அவிழ்த்தார். ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் அந்தச் சோடாவை அதுவரை ஒரு நாளும் குடித்ததில்லை. போத்தல் என் கைக்கு வந்தபோது குடித்துப் பார்க்கத் தோன்றவில்லை, பிறகு குடிக்க முகம் இருக்கவில்லை. ருசி பார்க்காமலே தீர்ப்பு எழுதியவன் நான். ஊர் பார்த்து நிற்க, பிஸ்மி சொல்லி மூன்று மிடறில் குடித்தேன். இஞ்சிக் காரம் மூக்கில் ஏறியது, பின்னால் தேசிக்காய்ப் புளிப்பு, கடைசியில் இனிப்பு. நல்ல சாமான், மகன். இப்படி ஒரு சாமானையா நான் நிறுத்தி வைத்தேன்?

வருகிற வெள்ளி நீ அந்தக் கேற்றைக் கடக்கும்போது உன் மாமி உனக்கும் ஒரு போத்தல் தருவார். கத்தாரில் இருந்து வந்த இஞ்சினியர் என்ற மிதப்பில் வாங்கியவுடன் குடித்துவிடாதே. கையில் வைத்துக்கொண்டு, மாமி, இது எந்த நாள் நூல் என்று கேள். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை நாற்பது வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் வாப்பா